வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கற கணக்கு: பெத்தவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

குழந்தைங்களுக்கு அன்றாட வாழ்க்கைல கணக்கை எப்படி காட்டறதுன்னு பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப இதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். என் பொண்ணுக்கு பத்து வயசு, பையனுக்கு நாலு. கீழ இருக்கறதுல பாதி அவங்க ரெண்டு பேரையும் பாத்து தெரிஞ்சுக்கிட்டது, மீதி தேடிப் படிச்சது.

ஸ்கூல்லதான் மேத்ஸ் சொல்லித்தராங்களே, வீட்ல நான் வேற எதுக்கு?

நீங்க சொல்லித்தரவே வேண்டாம், அதான் விஷயமே. ஸ்கூல்ல கேள்வியும் ரெடியா இருக்கும் பதிலும் ரெடியா இருக்கும், நடுவுல இருக்கற வழிய மட்டும் குழந்தை போட்டா போதும். வீட்ல அப்படி இல்ல. துவைச்ச சாக்ஸ் குவியலா கிடக்கு, ஜோடி சேத்துக்கிட்டே வரான், கடைசில ஒண்ணு மட்டும் தனியா நிக்குது, "இன்னொண்ணு எங்க?"ன்னு அவனே தேட ஆரம்பிக்கறான். ஒற்றைப்படைங்கற வார்த்தை காதுல விழறதுக்கு முன்னாடியே ஒற்றைப்படைன்னா என்னன்னு அவன் கைக்கு தெரிஞ்சு போச்சு. பின்னாடி ஸ்கூல்ல அந்த வார்த்தை வரும்போது அவனுக்கு அது புதுசா இருக்காது, ஏற்கனவே தெரிஞ்ச ஆளுக்கு பேர் வெச்ச மாதிரி இருக்கும்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

பேச்சு வர்றதுக்கு முன்னாடியே. 2010ல சிகாகோ பல்கலைக்கழகத்தோட சூசன் லெவைனும் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 44 குடும்பங்கள்ல குழந்தைக்கு 14 மாசத்துலேர்ந்து 30 மாசம் ஆகற வரைக்கும் அப்பப்போ போய் வீட்ல நடக்கற பேச்ச ரெக்கார்ட் பண்ணிருக்காங்க, ஒரு குடும்பத்துக்கு மொத்தம் ஏழரை மணி நேரம். அந்த ஏழரை மணி நேரத்துல சில பெத்தவங்க வாயிலேர்ந்து எண்கள் வந்ததே 4 தடவைதான், சிலர் 257 தடவை சொல்லிருக்காங்க. நிறைய கேட்டு வளந்த குழந்தைங்களுக்கு நாலு வயசு நெருங்கும்போது "அஞ்சு"ன்னா எவ்ளோங்கறது நல்லா பிடிபட்டிருந்துச்சு.

ஆனா இத படிச்சுட்டு ஒன்னு ரெண்டு மூணுன்னு பாட்டு மாதிரி ஒப்பிச்சுக்கிட்டே இருக்காதீங்க. கண்ணு முன்னாடி இருக்கற பொருள காட்டி எண்ணறதுதான், அதுவும் நாலோ அதுக்கு மேலயோ இருக்கற கூட்டத்த எண்ணறதுதான் அதிகமா உதவுதுன்னு அதே குழுவோட அடுத்த ஆய்வு சொல்லுது. சட்டைக்கு பட்டன் போடும்போது, ஷெல்ஃப்ல புத்தகம் அடுக்கும்போது, மாடிப்படி ஏறும்போது சும்மா வாய் விட்டு எண்ணுங்க, அதுக்குன்னு தனி நேரம் ஒதுக்க வேண்டாம்.

என் பையன் நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான், ஆனா ஏழு கிளிப் எடுத்துட்டு வாடான்னா கைல அள்ளுனத கொண்டு வரான். ஏன்?

ஏன்னா எண்களோட பேர வரிசையா சொல்றதும் எண்ணறதும் வேற வேற வேலை. இத 1978லயே ரோச்சல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அழகா பிரிச்சு சொல்லிருக்காங்க. ஒரு பொருளுக்கு ஒரு பேர், அதுக்கு மேலயும் இல்ல கீழயும் இல்ல. பேரோட வரிசை மாறக்கூடாது. கடைசியா சொன்ன பேருதான் மொத்தத்தோட அளவு. எத வேணா எண்ணலாம், கண்ணுல படாத சத்தத்தக் கூட. எங்கிருந்து ஆரம்பிச்சாலும் மொத்தம் மாறாது. பெரியவங்களுக்கு இது அஞ்சும் ஒண்ணாவே தெரியும், ஆனா குழந்தைக்கு அஞ்சும் தனித்தனியா பிடிபடணும்.

நீங்க கேக்கறது அந்த மூணாவது சமாச்சாரம். எங்க வீட்ல போன வருஷம் நடந்தது சொல்றேன். பையன் அஞ்சு காரை வரிசையா நிறுத்தி ஒன்னு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு விரல் வெச்சு கரெக்டா எண்ணினான். "சரி, எத்தன கார் இருக்கு?"ன்னு கேட்டேன். என்ன ஒரு மாதிரி பாத்துட்டு திரும்ப முதல்லேர்ந்து எண்ணினான். மறுபடி கேட்டேன், மறுபடி எண்ணினான். அவனுக்கு "எத்தன?"ங்கறது "எண்ணிக்காட்டு"ன்னு சொல்ற மாதிரிதான், கடைசில சொன்ன அஞ்சுதான் பதில்னு அவனுக்கு இன்னும் தெரியல, அஞ்சுங்கறது அந்த கடைசி காரோட பேருன்னு நெனச்சிருக்கான். நான் திருத்தல. அதுக்கப்புறம் எத எண்ணி முடிச்சாலும் கைய சுத்தி வட்டம் போட்டு காட்டி "அஞ்சு, மொத்தம் அஞ்சு கார்"னு சொல்ல ஆரம்பிச்சேன், அவ்ளோதான். ரெண்டு மூணு மாசம் கழிச்சு அவனே ஸ்பூன எண்ணிட்டு கைய சுத்தி காட்டினான். உங்க பையன்கிட்டயும் முதல்ல ரெண்டு கிளிப், மூணு கிளிப்னு கேட்டுப் பாருங்க, ஏழு அப்புறம் வரும்.

பொண்ணு எண்பத்தொன்பது வரைக்கும் வந்துட்டு அங்கயே தடுமாறுறா. கவனம் இல்லையோ?

கவனம் இருக்கறதாலதான் தடுமாறுறா! இருபது, முப்பது, நாற்பதுன்னு பத்துப் பத்தா போற பேருக்கெல்லாம் கடைசில ஒரு "பது" இருக்கு, அது பத்துதான்னு அவ காது கண்டுபிடிச்சிருச்சு. எண்பது வரைக்கும் சரியா வருது. அடுத்து என்ன வரணும்? ஒன்பதோட ஒரு "பது". ஆனா "ஒன்பது"ல ஏற்கனவே "பது" இருக்கு, அது வெறும் 9. 90க்கு தொண்ணூறு, அதுல "நூறு" கேக்குது, ஆனா நூறு இல்ல. 900 தொள்ளாயிரம், அதுல ஆயிரம் கேக்குது, ஆயிரமும் இல்ல. நம்ம மொழில ஒன்பது மட்டும் எப்பவும் அடுத்த வீட்டு வாசல்லயே நிக்கும், இத நான் ரொம்ப ரசிப்பேன். இத அவகிட்ட ஒரு ரகசியம் மாதிரி சொல்லுங்க, 9, 90, 900 மூணையும் எழுதி பக்கத்துல பேர எழுதி "இதுல என்ன தெரியுது?"ன்னு கேளுங்க. நாலு நாள்ல தடுமாற்றம் போயிடும்.

மத்தபடி பதினொன்னுக்கு மேல நம்ம எண்கள் பத்து முன்னாடி ஒன்னு பின்னாடின்னு எழுதற வரிசைலயே வரும். ஜெர்மன்ல 23ஐ "மூணும் இருபதும்"னு திருப்பி சொல்லணும், அந்த சிரமம் நம்ம பசங்களுக்கு இல்ல.

விரல் விட்டு எண்ணலாமா? டீச்சர் கூடாதுங்கறாங்க.

தாராளமா. விரல் எப்பவும் கூடவே இருக்கற கருவி. தேவை இல்லாதப்போ தானா விட்டுடுவாங்க, பிடுங்க வேண்டாம்.

உயரமான டம்ளர்ல ஊத்தினாதான் குடிப்பேன், அதுலதான் நிறைய இருக்குன்னு அடம் பிடிக்கறான். எப்படி புரிய வெக்கறது?

புரிய வெக்க முடியாது, நிஜமாவே. ஸ்விட்சர்லாந்து உளவியல் அறிஞர் ஜான் பியாஜே செஞ்சு காட்டின புகழ்பெற்ற சோதனையே இதுதான். ஒரே அளவு தண்ணி ரெண்டு ஒரே மாதிரி டம்ளர்ல, குழந்தை "ரெண்டும் சமம்"னு ஒத்துக்குது, அது கண்ணு முன்னாடியே ஒண்ண ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாத்தினா "இப்ப இதுலதான் ஜாஸ்தி"ங்குது. ஆறு ஏழு வயசு வரைக்கும் நிறைய குழந்தைங்க இப்படித்தான் சொல்லும். உயரம் கண்ணுல அறையுது, அகலம் குறைஞ்சது படறதில்ல.

செய்ய முடிஞ்சது ஒண்ணு இருக்கு. குளிக்கும்போது வேற வேற வடிவத்துல நாலஞ்சு டப்பா, பாட்டில், மூடி எல்லாம் பக்கெட் பக்கத்துல போட்டு விடுங்க. ஊத்தட்டும், மாத்தட்டும், வழியட்டும். வழியறப்பதான் "ஏன் பத்தல?"ங்கற கேள்வி அவனுக்கே வரும். நீங்க கேக்கறதா இருந்தா ஊத்தறதுக்கு முன்னாடி கேளுங்க: "இந்த மூடியால எத்தன தடவ ஊத்தினா அந்த பாட்டில் நிறையும்?" அவன் அஞ்சுன்னு சொல்வான், இருபது ஆகும். அடுத்த தடவ பதினஞ்சுன்னு சொல்வான். அந்த நகர்வு இருக்கே, அஞ்சுலேர்ந்து பதினஞ்சுக்கு வந்தது, அதான் அளவைங்கற பாடம் பூராவும்.

சரி, பொதுவா என்ன மாதிரி கேள்வி கேக்கணும்?

"எவ்ளோ?"ன்னு கேட்டா பரிட்சை. "எப்படி தெரிஞ்சுது?"ன்னு கேட்டா பேச்சு. ரெண்டாவது கேள்வி ஒண்ணு போதும், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. பதில் சரியா இருந்தாலும் கேக்கணும், தப்பா இருக்கும்போது மட்டும் கேட்டா "அம்மா எப்படின்னு கேட்டாலே தப்பு"ன்னு கண்டுபிடிச்சுடுவாங்க.

கேட்ட அப்புறம் சும்மா இருங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, ரொம்ப நீளமா தெரியும், நமக்குத்தான் அவசரம்.

எங்க படிக்கட்டுல 14 படி. பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கும்போது ரெண்டு ரெண்டா தாவி ஏழு தாவல்ல மேல போயிடுவா. ஒரு நாள் மூணு மூணா தாவணும்னு ஆசப்பட்டா, கால் எட்டல, அதனால என் கையப் பிடிச்சுக்கிட்டு தாவினா, நாலு தாவல் ஆன அப்புறம் ரெண்டு படி மிச்சம். ரொம்ப கோவம் வந்துடுச்சு, "படி சரியில்ல"ன்னு கத்தினா. "எத்தன படி இருந்தா சரியா இருக்கும்?"னு மட்டும் கேட்டேன். அன்னிக்கு பதில் வரல. ரெண்டு நாள் கழிச்சு பல் தேய்க்கறப்ப வந்து "பன்னெண்டு இருந்தா ரெண்டும் சரியா வரும்மா, பதினெட்டும் ஓகே"ன்னா. எப்படி தெரிஞ்சுதுன்னு கேட்டேன், பேப்பர்ல படி வரைஞ்சு விரலால தாவிப் பாத்திருக்கா. பொது மடங்குன்னு பாடம் அதுக்கு மூணு வருஷம் கழிச்சுதான் வந்துச்சு, அப்போ அவ சொன்னது "இது படிக்கட்டு கணக்கு".

எனக்கே மேத்ஸ்னா பயம். நான் எப்படி?

உங்க பயம் குழந்தைக்கு தொத்தும், ஆனா எல்லா வழிலயும் இல்ல, அத முதல்ல தெரிஞ்சுக்கோங்க. 2015ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் பசங்கள ஒரு வருஷம் கவனிச்சாங்க. கணக்குன்னா பயப்படற பெத்தவங்க அடிக்கடி ஹோம்வொர்க்குக்கு உக்காந்தா பசங்க அந்த வருஷம் கம்மியா கத்துக்கிட்டாங்க, பயமும் கூடுச்சு. அதே பயம் இருந்தும் அடிக்கடி உக்காராத வீட்ல அந்த பாதிப்பு தெரியல. அப்போ பிரச்சனை பயத்துல மட்டும் இல்ல, அந்த நோட்டு பென்சில் நெருக்கடில அது வெளிய வர்ற விதத்துல இருக்குன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன்.

அதனால ஹோம்வொர்க்க வேற யாராவது பாத்துக்க முடிஞ்சா விடுங்க. நீங்க விளையாட்டு பக்கம் வாங்க, துணி மடிங்க, பெட்டி அடுக்குங்க, "எனக்கும் தெரியல, வா பாக்கலாம்"னு சொல்லுங்க. "எனக்கு மேத்ஸ் சுத்தமா வராது"ங்கற வாக்கியத்த மட்டும் குழந்தை காதுபட சொல்லாதீங்க, ப்ளீஸ். அத கேக்கற குழந்தை தனக்கும் வராம இருக்க அனுமதி கிடைச்சதா எடுத்துக்கும்.

விளையாட்டுன்னா எந்த மாதிரி?

நம்பர் போட்ட கட்டம் வரிசையா இருக்கற எந்த போர்டு கேமும். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர்னு ரெண்டு பேர் 2008ல வெளியிட்டது: 1லேர்ந்து 10 வரைக்கும் கட்டம் போட்ட ஒரு சாதாரண விளையாட்ட, ரெண்டு வாரத்துல 4 தடவ, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போல, சின்ன பசங்க விளையாடினாங்க. எது பெருசு எது சிறுசுன்னு சொல்றது, எண்ணறது எல்லாமே முன்னேறுச்சு, ஒன்பது வாரம் கழிச்சும் அது நின்னுச்சு. அதே விளையாட்டு, நம்பருக்கு பதிலா வெறும் கலர் கட்டம்னா எந்த முன்னேற்றமும் இல்ல. ஒரு நுணுக்கம்: 4ல இருந்து ரெண்டு நகரும்போது "ஒன்னு, ரெண்டு"ன்னு சொல்லாம "அஞ்சு, ஆறு"ன்னு கட்டத்துல இருக்கற நம்பர சொல்லிக்கிட்டு நகரணும்.

பகடையும் நல்ல பொருள். எதிரெதிர் பக்கத்த கூட்டினா எப்பவும் 7, இத சொல்லிடாதீங்க, கைல குடுத்து விடுங்க. ரெண்டு பகடை போட்டா எந்த கூட்டுத்தொகை அடிக்கடி வருதுன்னு கோடு போட்டு குறிக்க சொல்லுங்க. அம்பது தடவ போட்டா பெரும்பாலும் நடுவுல மலை மாதிரி எழும்பும், ஏன்னா 36 வழில 7 வர்றதுக்கு 6 வழி இருக்கு, 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழிதான்.

வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண வெக்கணுமா வேண்டாமா?

வேணும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல, கைவசம் இருந்தா மூளை பெரிய வேலைக்கு ஃப்ரீ ஆகும். ஆனா முதல்ல கண்ணால பாத்திருக்கணும். தரைல டைல்ஸ் இருந்தா மூணு வரிசை, வரிசைக்கு நாலு, அத பக்கவாட்டுல நின்னு பாத்தா நாலு வரிசை, வரிசைக்கு மூணு. டைல்ஸ் நகரல, நாமதான் நகர்ந்தோம். 3×4ம் 4×3ம் ஒண்ணுதான்னு புரிஞ்சா பத்துக்கு பத்து கட்டத்துல 100 கணக்கு இல்ல, 55தான். அதுல ஒன்னு, ரெண்டு, அஞ்சு, பத்து வாய்ப்பாடு சுலபம், அத எடுத்துட்டா மிச்சம் வெறும் 21. எங்க வீட்ல அந்த 21ஐயும் ஒரு அட்டைல எழுதி ஒட்டினோம், தெரிஞ்சத அவளே அடிச்சுக்கிட்டு வந்தா, கடைசி வரைக்கும் நின்னது 7×8.

பின்னம் எப்படி காட்டறது? அதுலதான் எல்லாரும் விழறாங்க.

ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. பாதியா மடிங்க, அரை. இன்னொரு தடவ, கால். இன்னொரு தடவ, அரைக்கால். இன்னும் ஒரு தடவ மடிச்சா பதினாறுல ஒண்ணு, அதுக்கு மாகாணின்னு தமிழ்ல பழைய பேரே இருக்கு. பேர பாருங்க, அரைக்கால்னா காலுல அரை, பெருக்கல் பேருக்குள்ளயே உக்காந்திருக்கு. விரிச்சு கட்டத்த எண்ணட்டும். கீழ இருக்கற எண் பெருசானா துண்டு சின்னதாகுதுங்கறத மடிச்ச கைதான் நம்பும், சொன்னா நம்பாது.

பெரிய பசங்கன்னா இன்னும் கொஞ்சம் போகலாம். ஏ4 210க்கு 297 மில்லிமீட்டர், பாதியா வெட்டினாலும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான், நீளத்த அகலத்தால வகுத்தா 1.41 மாறாம வரும், சாதாரண நோட்டு பேப்பர்ல இது நடக்காது, ரெண்டையும் மடிச்சு பக்கத்துல வெச்சு பாக்க சொல்லுங்க. 16 ஏ4 சேந்தா ஒரு சதுர மீட்டர். பேப்பர் கட்டு மேல ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்னு போட்டிருந்தா ஒரு ஷீட் எடை எவ்ளோன்னு கேளுங்க, தராசு இல்லாமலே 5 கிராம்னு வந்துடும். என் பொண்ணு அத கண்டுபிடிச்ச அன்னிக்கு வீட்ல இருந்த புத்தகத்துக்கெல்லாம் எடை போட்டா.

பத்து வயசுக்கு மேல இதெல்லாம் குழந்தைத்தனம்னு ஓடிடறாங்களே?

அப்போ மர்மம் மாதிரி இருக்கறத குடுங்க. காலண்டர்ல மூணுக்கு மூணா ஒன்பது தேதிய கட்டம் கட்ட சொல்லுங்க, நடு நம்பர மட்டும் கேட்டுட்டு ஒன்பதால பெருக்கி மொத்த கூட்டுத்தொகைய சொல்லிடுங்க. எப்படின்னு கேப்பாங்க. சொல்லாதீங்க! மேல 7 குறையுது கீழ 7 கூடுது, இந்தப் பக்கம் 1 அந்தப் பக்கம் 1, எல்லாம் அடிச்சுக்குதுன்னு அவங்களே வந்து சொல்லட்டும், அல்ஜீப்ராவோட முதல் வாசல் அது.

லிஃப்ட்ல தரைக்கு கீழ ரெண்டு மாடி போனா மைனஸ் எண். அப்புறம் 0.1 மில்லிமீட்டர் பேப்பர பத்து தடவ மடிச்சா 1,024 அடுக்கு, பத்து சென்டிமீட்டர் தடிமன், கையால அவ்ளோ மடிக்க முடியாது ஆனா கணக்குல மடிக்கலாம். 42 தடவ மடிச்சா கிட்டத்தட்ட 4,40,000 கிலோமீட்டர், நிலாவோ சராசரியா 3,84,400 கிலோமீட்டர்தான். கால்குலேட்டர் குடுத்து 2ஆல பெருக்கிக்கிட்டே போக சொல்லுங்க, முதல் இருபது தடவ சலிப்பா இருக்கும், அதுக்கப்புறம் முகத்த பாக்கணும்.

தப்பா சொன்னா உடனே திருத்தணுமா?

வேண்டாம். 27ஐயும் 15ஐயும் கூட்டி 312ன்னு எழுதினா அது அலட்சியம் இல்ல, ரெண்டும் ஒண்ணும் மூணு, ஏழும் அஞ்சும் பன்னெண்டு, பக்கத்துல பக்கத்துல எழுதிட்டா. அவளுக்கு ஒரு விதி இருக்கு, விதிதான் தப்பு. "27 பேர் இருக்கற இடத்துக்கு இன்னும் 15 பேர் வந்தா 300 பேர் ஆயிடுவாங்களா?"ன்னு கேளுங்க, அவளே அழிப்பா.

பொண்ணுங்களுக்கு கணக்கு வராதுன்னு வீட்ல சொல்றாங்க.

சொல்றவங்கள அந்த இடத்துலயே நிறுத்துங்க, குழந்தை முன்னாடியே. மரியம் மிர்சாகானி சின்ன வயசுல எழுத்தாளர் ஆகணும்னு இருந்தவங்க, 2014ல கணிதத்தோட ரொம்ப உயர்ந்த பரிசுகள்ல ஒண்ணான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கின முதல் பெண் ஆனாங்க. தரைல பெரிய பேப்பர் விரிச்சு வரைஞ்சு வரைஞ்சு யோசிப்பாங்க, அவங்க பொண்ணு அத பாத்துட்டு அம்மா பெயிண்டிங் பண்றாங்கன்னு நெனச்சாளாம்.

ஆப், வீடியோ?

கூட உக்காந்து பேசற மாதிரி இருந்தா சரி. தனியா டைமரோட ஓடற ஆப்ப நான் வெக்கல, வேகமா சொல்றதுதான் கணக்குன்னு பதிஞ்சுடும்னு எனக்கு பயம்.

கடைசி நம்பர் எதுன்னு தினமும் கேக்கறான், என்ன சொல்ல?

"நீ ஒண்ணு சொல்லு, நான் அதோட ஒண்ணு சேக்கறேன்"னு ஆரம்பிங்க. எங்க வீட்ல பையன் அவனுக்கு தெரிஞ்ச பெரிய எண்ணையெல்லாம் தீத்துட்டு "அம்மா நீ பெருசா ஒண்ணு சொல்லு"ன்னான். கூகோல் பத்தி சொன்னேன், 1 போட்டு பின்னாடி நூறு சைபர், எட்வர்ட் காஸ்னர்ங்கற கணித மேதையோட குடும்பத்துல ஒரு ஒன்பது வயசு பையன் வெச்ச பேர் அதுன்னு. ஒரு சின்னப் பையன் வெச்சதுங்கறதுலயே இவனுக்கு தல கால் புரியல. அதுதான் கடைசியான்னு கேட்டான், தெரியலையே நீதான் சொல்லணும்னேன், லைட்ட அணைச்சுட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. தூங்கிட்டான்னு நெனச்சேன், அப்போ இருட்டுக்குள்ள இருந்து "அம்மா, கூகோலும் ஒண்ணும்".